மறதி நோய் முற்றியவரிடம் 'பவர்' வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

அப்பாவுக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கிறார். வைத்தியச் செலவுக்கு அவர் பெயரில் இருக்கும் மனையை விற்றாக வேண்டும். இந்த நிலையில் பத்திரம் எழுதும் இடத்துக்குப் போகிற குடும்பங்களுக்குப் பல ஊர்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கவலைப்படாதீங்க சார், ஜெனரல் பவர் போட்டுடலாம். கைநாட்டு போதும், நோட்டரி நம்ம ஆளு." முன்பணம் கைமாறுகிறது. குடும்பத்தின் கைக்கு வருவது செல்லாத காகிதம்.

காரணம் எளிது. பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) என்பது ஒருவர் தன் வேலையைச் செய்ய இன்னொருவருக்குத் தரும் அனுமதி. அதைத் தரும் நாளில் அவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும் (1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவுகள் 11, 12). தெளிவாக இருந்தபோது முறையாக எழுதிக் கொடுத்திருந்தாலும், பிற்பாடு மனநிலை தவறினால் அந்தப் பவர் முடிந்துபோகிறது (பிரிவு 201). இங்கிலாந்தில் புத்தி தடுமாறிய பிறகும் நிலைக்கும் பவருக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கே பார்த்ததை நம்பி இங்கே ஏமாறுவது இதனால்தான்.

ஏமாற்றும் விதங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, முன்தேதி. நோய் கண்டறிந்த நாளுக்கு முந்தைய தேதியில் எழுதினால் போதும் என்பார்கள். முத்திரைத்தாளின் பின்புறம் விற்ற தேதியும் வரிசை எண்ணும் இருக்கின்றன, நோட்டரியின் பதிவேட்டிலும் வரிசை எண் உண்டு. நீதிமன்றத்தில் இந்த இரண்டையும் கேட்டாலே கதை முடிந்துவிடும். எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி இருப்பதால், பின்னால் போகும் தூரத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. "ரத்து செய்ய முடியாத பவர்" என்று தலைப்புப் போட்டு, உள்ளே அப்பா மகனிடம் கிரயத்தொகை பெற்றுக்கொண்டதாக ஒரு வரி சேர்ப்பார்கள். பவர் வாங்கிய ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை இருந்தால் பவர் அவ்வளவு எளிதில் முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 202. அதற்குள் நுழைய எழுதப்படும் பொய்தான் அந்த வரி. பணம் போன வழிக்கு வங்கிக் கணக்கில் தடம் இருக்காது. நாளைக்குத் தங்கை வழக்குப் போட்டால் மகனை மாட்டிவிடுவது அந்த ஒரே வரி.

மூன்றாவது, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கிறோம் என்பது. நடமாட முடியாதவருக்காக வீட்டுக்கு வந்து பதிவு செய்வது சட்டப்படியே உள்ள வசதி. ஆனால் அது உடல் தளர்ந்தவருக்கு. எழுதிக்கொடுப்பவர் மனநிலை சரியில்லாதவர் என்று தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு. பெயரையும் சொத்து விவரத்தையும் சார்பதிவாளரே அப்பாவிடம் கேட்பார். பதில் வராவிட்டால் பதிவு நடக்காது, இடையில் கொடுத்த பணமும் திரும்பாது.

கைநாட்டு வைத்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: மனநிலை தவறியதால் ஆவணத்தில் இருப்பதை அறிய முடியாதவரை, அது தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு கையெழுத்திட வைப்பது பொய் ஆவணம் உருவாக்கும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 335-ஆம் பிரிவு இதைத் தனியாகவே சொல்கிறது. பத்திரம் தயாரித்துத் தந்த ஆள் காணாமல் போய்விடுவார், காகிதத்தில் இருப்பது பிள்ளையின் பெயர்தான்.

வக்கீல் பக்கமும் எச்சரிக்கை தேவை. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தில் மனு போடலாம் என்று கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது 18 வயது நிரம்பாதவர்களுக்கான சட்டம். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் கலெக்டர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும். முதுமையில் வரும் மறதி நோய் அதில் சேராது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' உண்டு, அவர் வேலை சிகிச்சையோடு சரி. சொத்துக்கு மேலாளர் நியமிக்க 1987-ஆம் ஆண்டுப் பழைய மனநலச் சட்டத்தில் இருந்த வழி புதிய சட்டத்தில் விடுபட்டுப்போனது. எவ்வளவோ குடும்பங்களை அலையவிடும் ஓட்டை இது. அதை அடைக்காமல் விட்டிருப்பது பெரிய அநியாயம்.

நடைமுறையில் மிஞ்சும் வழி, அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கோமாவில் இருப்பவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்த நெறிமுறைதான் இதற்கு அடிப்படை: மருத்துவக் குழுவின் அறிக்கை, தாசில்தார் நிலைக்குக் குறையாத அதிகாரியின் நேரடி விசாரணை, சொத்து முழுவதற்கும் பட்டியல், நியமனத்துக்குப் பின் 6 மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 மே மாதம் கோமாவில் இருந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போடச் சொன்னது. மறதி நோய்க்கும் இதே வழியில்தான் கேட்க வேண்டும். மனுவோடு நரம்பியல் மருத்துவரின் சமீபத்திய சான்று, வில்லங்கச் சான்று, வங்கி விவரம், செலவு ரசீதுகள், மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணப் பத்திரம் எல்லாம் வேண்டும். வாரிசுகளில் ஒருவரை மறைத்தால் மனு அங்கேயே நின்றுவிடும்.

பென்ஷன் பணத்துக்கு மட்டும் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லாமல் போகலாம். புத்தி தெளிவாக இருந்து கையெழுத்து மட்டும் போட முடியாதவரிடம், வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை பெற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கியின் விதியில் இடம் இருக்கிறது. கிளையில் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

நோய் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது என்றால் இந்த வாரமே உட்காருங்கள். இடையிடையே தெளிவு வரும் நேரத்தில் செய்யும் ஒப்பந்தத்தையும் உயிலையும் சட்டம் ஏற்கிறது. அன்றைக்கே மருத்துவர் பார்த்து, 'கேள்விகளுக்குத் தெளிவாகப் பதிலளித்தார்' என்று தேதியோடு எழுதித் தந்த சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் மூன்றையும் அப்போதே முடியுங்கள். பவரும் எழுதலாம், ஆனால் அதன் ஆயுள் அவருடைய நினைவு இருக்கும் வரைதான்.

ஏற்கெனவே கைநாட்டு வாங்கியாயிற்றா? அதை வைத்து விற்காதீர்கள், வாங்குபவரிடம் அட்வான்ஸ் பெற்றிருந்தால் திருப்பிக் கொடுங்கள். உடன்பிறந்தவர் யாராவது இப்படி எழுதி வாங்கியிருந்தால், மருத்துவச் சான்றின் நகலோடு சார்பதிவாளரிடம் ஆட்சேபனை கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32, விதி 15-இன்படி, அப்பாவின் நலனுக்காக நீங்களே அவர் பெயரில் சிவில் வழக்குத் தொடரலாம்.