ஸ்லைடு கார்ப்ரேட்டரா, சிவி கார்ப்ரேட்டரா: வீட்டில் எதில், எவ்வளவு கைவைக்கலாம்?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்ப்ரேட்டர். யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் இருப்பது மிகுனி நிறுவனத்தின் விஎம் வகை ஸ்லைடு கார்ப்ரேட்டர். காற்று வழியை மூடித் திறக்கும் ஸ்லைடை ஆக்ஸிலேட்டர் கேபிளே நேராக மேலே இழுக்கும். யமஹா எஃப்இசட் 16-இல் இருப்பது சிவி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) வகை. அதில் கேபிள் திறப்பது பட்டர்ஃபிளை வால்வை மட்டும்தான்; ஸ்லைடைத் தூக்குவது எஞ்சின் உறிஞ்சும் வேக்குவமும், மேலே இருக்கும் ரப்பர் டயஃப்ரமும்.

பலரும் கோட்டைவிடுவது, ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவின் திசையில். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ: வெளியே திருகத் திருகக் கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறையும்). எஞ்சின் பக்கம் இருந்தால் அது மிக்ஸர் ஸ்க்ரூ: வெளியே திருகினால் ரிச் (பெட்ரோல் கூடும்). விஎம் முதல் வகை, சிவி இரண்டாவது. ஸ்லைடு வகையிலும் சிலவற்றில் எஞ்சின் பக்கம் வரும் என்பதால், இடத்தைப் பார்த்துவிட்டே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.

டியூனிங் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்துங்கள். ஸ்க்ரூவை உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கக் கூடாது, ஊசிமுனை நசுங்கிவிடும். விஎம்-இல் ஒன்றரைச் சுற்று, சிவி-இல் இரண்டு சுற்று வெளியே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு கால் கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுங்கள். ஐடிலிங் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் 1,400 ஆர்பிஎம்-ஐ ஒட்டி இறக்குங்கள்.

கால் த்ராட்டிலுக்கு மேல் இந்த ஸ்க்ரூவுக்கு அவ்வளவாக வேலை இல்லை. முக்கால் வரை கலவையைத் தீர்மானிப்பது ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில்தான். விஎம் இங்கே வசதியானது. நீடிலில் காடிகள் இருக்கும். க்ளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து ரிச் ஆகும். திரும்பப் பூட்டும்போது ஸ்லைடின் வெட்டுப்பகுதி ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஐடிலிங் எகிறும். சிவி நீடில்கள் பலவற்றில் காடியே கிடையாது. க்ளிப்புக்கு அடியில் அரை மில்லிமீட்டர் வாஷர் வைப்பதுதான் வழி.

சிவி வண்டி ஐடிலிங்கில் ஒழுங்காக நின்று, முறுக்கினால் மட்டும் இழுக்காமல் மந்தமானால் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகு) தொடாதீர்கள். மேல் மூடியைக் கழற்றி டயஃப்ரமை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; ஊசித்துளை இருந்தாலும் ஸ்லைடு முழுதாக உயராது. அதன்மேல் கார்ப் க்ளீனர் பட்டால் ரப்பர் உப்பிவிடும். மாட்டும்போது விளிம்பு காடிக்குள் முழுதும் உட்காராவிட்டால் மூடியே அதைக் கடித்துக் கிழிக்கும்.

ஜெட் மாற்றிப் பழக விஎம்-தான் சரி. ஆனால் ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் லீனாக விட்டால் பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்), ஆகவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் ரிச்சாகவே வையுங்கள். சிவி-இல் மிக்ஸர் ஸ்க்ரூ, டயஃப்ரம், சுத்தம் இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றித் திறந்த ஃபில்டர் மாட்டியிருந்தால் ஸ்லைடு உயரும் கணக்கே மாறிவிடும். முதலில் பழைய பாக்ஸை மாட்டிவிட்டு டியூனிங்கைத் தொடங்குங்கள்.