குளிர்மலையில் மீண்டும் நுரைக்கவைக்க: ஈஸ்ட் இஞ்சி பியர், இஞ்சி உறை, கொம்புச்சா – எதில் தொடங்குவது?

பரணில் பல வருடம் கிடந்த வாளியையும் போத்தல்களையும் இறக்கும்போது பழைய குறிப்பேடும் கூடவே இறங்கும். "இரண்டு நாளில் தயார்" என்று அதில் எழுதியிருக்கும். கொழும்புச் சூட்டில் எழுதிய குறிப்பென்றால் அந்த இரண்டு நாள் நுவரெலியாவில் ஐந்தாகலாம். குளிரூரில் எழுதிய குறிப்பென்றால் கண்டியில் ஒன்றரை நாளிலேயே போத்தல் கல்லாகிவிடலாம். மலையகத்தில் நாட்காட்டியைப் பார்த்துப் புளிக்கவைக்க முடியாது. வீடு எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பியரும் சைடரும் இந்த அலசலில் ஏன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் குற்றம். வெளிநாட்டில் இருந்தபோது வீட்டில் பியர் வடித்தவர்கள் ஊர் திரும்பியதும் அதையே தொடரலாம் என்று எண்ணக்கூடாது. கசிப்பு எத்தனை தோட்டக் குடும்பங்களைக் குலைத்திருக்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கண்டிப்பு புரியும். ஆனால் கற்ற கை வீணாகாது. பாத்திரச் சுத்தம், ஈஸ்ட்டின் உயிர், வெப்பநிலை, போத்தல் அழுத்தம் ஆகிய நான்கும் தெரிந்தவருக்கு இஞ்சி பியரும், இனிப்புத் தேயிலை நீரைப் புளிக்கவைத்து எடுக்கும் கொம்புச்சாவும் சுலபமாகக் கைவரும்.

பியர் பழகியவர்கள் இங்கே ஒன்றை மறந்து பழக வேண்டும். 1881இல் நுவரெலியாவில் பியர் வடிசாலை அமைந்ததற்கு அந்தக் குளிரும் ஊற்றுத் தண்ணீரும் ஏற்றவையாக இருந்தன. லாகர் வகைப் பியருக்கான ஈஸ்ட் 8 முதல் 13 பாகை செல்சியஸில் நிதானமாக வேலை செய்யும். பாண் ஈஸ்ட்டும் கொம்புச்சாவின் மேலே படரும் ஆடையும் (ஸ்கோபி) அப்படியல்ல. இரண்டுக்கும் 25 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். பியருக்கு வரமான குளிர் இவற்றுக்குத் தடை.

கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், சராசரி 24–25 பாகை. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றரைத் தாண்டியவை, 20 பாகையை ஒட்டியவை. நுவரெலியா 1,868 மீற்றர், சராசரி 16 பாகை. தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழும் இடம். இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் பாத்திரங்களையும் பீலித் தண்ணீரையும் கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடமாவது கொதிக்கவிடுங்கள்.

பழைய சாமான்களில் எது தேறும்

உட்புறம் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைக் கழித்துவிடுங்கள். கீறலுக்குள் இருக்கும் கிருமியை எந்தக் கழுவலும் எடுக்காது. மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் மடித்துப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தால் புதிது வேண்டும். அடர்த்திமானி (நீரில் கரைந்த சீனியின் அளவைக் காட்டும் மிதவை) இருந்தால் 20 பாகைத் தண்ணீரில் விடுங்கள், 1.000 காட்ட வேண்டும். உள்ளிருக்கும் கடதாசி நழுவியிருந்தால் காட்டாது. கண்ணாடி ஜாடிக்கு வயதில்லை. பித்தளை, அலுமினியம், பழைய மெருகிட்ட மண்சாடி ஆகியவற்றில் புளிப்பு நிற்கக்கூடாது, உலோகம் கரையும். எவர்சில்வரில் கொதிக்கவைக்கலாம்.

கிருமி நீக்க, வாசனை சேர்க்காத சாதாரண புளீச் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகக் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, கொதித்தாறிய தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். புளீச்சும் வினாகிரியும் ஒன்றுசேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பழைய ஈஸ்ட் பக்கெற்றை நம்பிப் போட வேண்டாம். 100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில், அதாவது 35–38 பாகையில், ஒரு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள். மேலே நுரைத் தொப்பி கட்டினால் உயிர் இருக்கிறது. நாலைந்து குமிழி மட்டும் வந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

ஈஸ்ட் இஞ்சி பியர்

நீண்ட காலம் கைவிட்டவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தவறினால் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், செலவும் குறைவு.

நான்கு லீற்றருக்கு 200 கிராம் நாட்டு இஞ்சி. சந்தையில் கிடைக்கும் பருத்த சீன இஞ்சி, ரங்கூன் இஞ்சி என்றால் 300 கிராம். நாட்டு இஞ்சி சிறியது, நார் அதிகம், காரமும் அதிகம். தோலோடு கழுவி, உரலில் நசுக்கி, ஒன்றரை லீற்றர் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு 400 கிராம் சீனியைக் கரையுங்கள். நீண்ட நேரம் கொதித்தால் இஞ்சியின் பச்சை வாசம் போய்விடும். ஆகவே கால் பங்கு இஞ்சியை ஒதுக்கி வைத்து, ஆறியபின் துருவிப் பிழிந்து சாறாகச் சேர்ப்பது நல்லது. வடிகட்டி, கொதித்தாறிய தண்ணீர் சேர்த்து மொத்தம் நான்கு லீற்றராக்குங்கள். நான்கு தேசிக்காயின் சாற்றை விடுங்கள். கைக்கு இளஞ்சூடாக, 35 பாகைக்குக் கீழே வந்தபின் கால் தேக்கரண்டி ஈஸ்ட். சுடச்சுடப் போட்டு ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவதுதான் அவசரக்காரர் செய்யும் பிழை. இரண்டாவது பிழை ஒரு முழுத் தேக்கரண்டி போடுவது. அப்போது பாண் மாவு வாடைதான் மிஞ்சும்.

சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் ஐந்து சென்ரிமீற்றர் வெற்றிடம் விட்டு மூடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு லீற்றரில் நான்கு கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு வரும். நல்ல சோடாவில் இருப்பது மூன்று, நான்கு லீற்றர்தான். நாம் போட்டிருப்பதோ லீற்றருக்கு 100 கிராம் சீனி. முழுவதும் புளித்தால் லீற்றருக்கு இருபத்தைந்து லீற்றர் வாயு கிளம்பும், கண்ணாடி சிதறும். அதே கணக்கில் மதுச்சாரமும் ஏறும். 16 கிராம் சீனியோடு நிறுத்தினால் 1 சதவீதத்தை ஒட்டி நிற்கும், முழுவதும் புளித்தால் 6 சதவீதத்தைத் தாண்டும். அந்த நிலையில் அது இஞ்சி பியர் அல்ல, மதுபானம். அடர்த்திமானி உள்ளவர்கள் 1.038இல் தொடங்கி 1.030ஐத் தொட்டதும் நிறுத்துங்கள். அளக்கும் முன் மாதிரியைக் கிளறி வாயுவை வெளியேற்றாவிட்டால் குமிழி மானியைத் தூக்கிப் பிழையான எண்ணைக் காட்டும்.

மானி இல்லாதவருக்கு விரல் போதும். போத்தலை அமுக்குங்கள். கடையில் வாங்கிய சோடாப் போத்தல் அளவுக்கு விறைத்தால் உடனே பிரிட்ஜில் வையுங்கள். கண்டியில் 24 முதல் 36 மணித்தியாலம், ஹட்டன், பண்டாரவளையில் இரண்டு மூன்று நாள், நுவரெலியாவில் மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கலாம். நுவரெலியாக் குசினியின் குளிரை மட்டும் பிரிட்ஜ் என்று எண்ணிவிடாதீர்கள். 12 பாகையிலும் ஈஸ்ட் மெல்ல வேலை செய்துகொண்டேதான் இருக்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றே குடித்து முடிக்கும் அளவே போடுங்கள்.

இஞ்சி உறை

தயிருக்கு உறை ஊற்றுவது போல, இஞ்சித் தோலில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வளர்த்து உறையாகப் பயன்படுத்துவது இது. 400 மில்லிலீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் தோலோடு துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. ஒவ்வொரு நாளும் அதே அளவு சேர்த்துக் கிளறி, துணியால் மூட வேண்டும். சூடான இடத்தில் ஐந்து முதல் ஏழு நாளில் பொங்கும். சீனி போட்ட சில மணி நேரத்தில் குமிழி எழும்பினால் உறை தயார். அதன்பின் மேலே சொன்ன இஞ்சிச் சாற்றில், ஈஸ்ட்டுக்குப் பதிலாக லீற்றருக்கு 60 மில்லிலீற்றர் விட்டால் போதும்.

சுவையில் இது ஈஸ்ட்டை வெல்லும். புளிப்பு உருண்டு வரும், பாண் வாடை இல்லை. கித்துள் பாணி ஒரு கரண்டி சேர்த்தால் ஈஸ்ட்டுக்குத் தாதுச்சத்தும் கிடைக்கும், ஆழமும் கூடும். ஆனால் உறுதி கிடையாது. தொலைவிலிருந்து வந்த, முளைவிடாதபடி பதப்படுத்திய இஞ்சியில் தோலின் நுண்ணுயிர் செத்திருக்கும். எத்தனை நாள் ஊட்டினாலும் வெறும் இனிப்புத் தண்ணீர்தான். தோட்டத்து இஞ்சி கையில் இருப்பவருக்கே இதைச் சொல்லுவோம். 20 பாகைக்குக் கீழே பன்னிரண்டு நாள் வரை இழுக்கும், அதற்குள் மேலே பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு. உறை குழகுழவென்று நூல் விட்டால் பாக்டீரியா ஈஸ்ட்டை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இளஞ்சிவப்பு நிறமோ பஞ்சுப் பூஞ்சையோ தெரிந்தால் முழுவதையும் கொட்டுங்கள்.

கொம்புச்சா

தேயிலை விளையும் மண்ணில் இதைப் போடாமல் இருப்பது எங்களுக்கு மனக்குறை. வீட்டில் கிடக்கும் பிஓபிஎஃப் (பொடியான தேயிலைத் தரம்) தூளே போதும். ஊவாப் பருவத்துத் தேயிலையின் அந்தப் பெயர்பெற்ற வாசம் இரண்டு வாரப் புளிப்பில் கரைந்துவிடும், ஆகவே அதைத் தேத்தண்ணிக்கே வைத்திருங்கள். பேர்கமொட் எண்ணெய் சேர்த்த வாசனைத் தேயிலையும் வேண்டாம், எண்ணெய் ஆடையைக் கெடுக்கும்.

மூன்று லீற்றருக்கு 20 கிராம் தூளை ஒரு லீற்றர் கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நெருக்கமான துணியில் வடியுங்கள். பிஓபிஎஃப் வழக்கமான வடியில் ஒழுகும். 210 கிராம் சீனியைக் கரைத்து, 1.6 லீற்றர் கொதித்தாறிய தண்ணீர் விட்டு, 30 பாகைக்குக் கீழே ஆறியதும் முந்தைய தொகுதிப் புளித்த நீர் 400 மில்லிலீற்றரும் ஸ்கோபி ஆடையும் சேருங்கள். பலர் ஆடையைப் பொன்போலக் காத்து, நீரைச் சிக்கனம் பிடிக்கிறார்கள். பூஞ்சையைத் தடுப்பது அந்தப் புளித்த நீர்தான். ஆடை பாக்டீரியா நெய்யும் வெறும் செலுலோஸ். அது இல்லாமலும் கொம்புச்சா ஆகும். முதல் நாளே புளிப்பளவான பிஎச் 4.5க்குக் கீழே இருக்க வேண்டும். பிஎச் தாள் வைத்துப் பாருங்கள், குறையாவிட்டால் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினாகிரி விடலாம். வாயை இரண்டாக மடித்த பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள், சிறு பூச்சி ஓட்டையில் நுழைந்துவிடும்.

24 பாகையில் பத்து நாளில் கனியும். 16 பாகையில் மூன்று நான்கு வாரம் ஆகலாம், அந்தத் தாமதத்தில்தான் பூஞ்சை முந்துகிறது. ஆகவே நுவரெலியாவில் சூடேற்றாமல் கொம்புச்சா போட வேண்டாம். மீன் வரும் ரிஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவி, ஜாடியோடு 55 பாகைத் தண்ணீர் நிரப்பிய இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களை வைத்து, காலையும் இரவும் மாற்றுங்கள். கொதிநீர் ஊற்றினால் போத்தல் சுருங்கும். விறகடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதும் வழக்கம்தான், ஆனால் பகலில் 35 பாகையும் இரவில் 12 பாகையும் என்று ஆடினால் சுவை கெடும், புகையும் ஏறும்.

மேலே உலர்ந்து பஞ்சு போல வட்டமாய் வளர்ந்தால் அது பூஞ்சை. ஆடையோடு முழுவதையும் வீசுங்கள், கழுவிப் பயன்படுத்த முயலக்கூடாது. ஆடைக்குக் கீழே தொங்கும் பழுப்பு நூல்கள் ஈஸ்ட், அவற்றால் தீங்கில்லை. இதிலும் சிறிதளவு மதுச்சாரமும் தேயிலையின் கஃபீனும் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் அரைக் குவளையோடு தொடங்கட்டும்.

கண்டியிலோ பதுளையிலோ இருப்பவர் இரண்டு தொகுதி ஈஸ்ட் இஞ்சி பியர் போட்டுக் கை வந்ததும் உறைக்கும் கொம்புச்சாவுக்கும் தாவலாம். ஹட்டன்காரர் உறையைப் பங்குனி, சித்திரையில் தொடங்கட்டும், கொம்புச்சாவுக்குப் பெட்டி வேண்டும். நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் வருடம் முழுவதும் ஈஸ்ட்டே முதல் தேர்வு.

மறுபடியும் சில மாதம் நிறுத்த வேண்டி வந்தால் மூன்றும் மூன்று விதம். திறந்த ஈஸ்ட்டைக் காற்றுப் புகாத சிறு போத்தலில் பிரிட்ஜில் வையுங்கள், நாலைந்து மாதத்தில் மீண்டும் நுரைச் சோதனை செய்யுங்கள். உறையையும் பிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் வாரம் ஒரு கரண்டி இஞ்சியும் சீனியும் கேட்கும். கொம்புச்சா ஆடையை அதன் புளித்த நீரிலேயே மூழ்கவிட்டு, துணி கட்டி, குளிர்ந்த அறையில் வைத்தால் பல மாதம் தாங்கும். நீர் வற்றி ஆடை வெளியே தெரியும் முன் பால் சேராத இனிப்புத் தேத்தண்ணி கொஞ்சம் ஊற்றிவிடுங்கள்.