பத்து வருஷம் ரெண்டு விதமாவும் ஊர் சுத்தினதுல: ஷீட் போட்டு போறதா, சும்மா பஸ் ஏறிடறதா

ஃப்ரெண்ட் ஒருத்தன் நேத்து கேட்டான், "மச்சான், ஃபேமிலியோட தஞ்சாவூர் கும்பகோணம் பக்கம் போறோம், எல்லாத்தையும் பிளான் பண்ணிட்டு போகவா இல்ல நீ போற மாதிரி அப்படியே கிளம்பிடவா"ன்னு. வாட்ஸப்ல பதில் டைப் பண்ண ஆரம்பிச்சேன், நீளமா போயிட்டே இருந்துச்சு, அதான் இங்க எழுதறேன். கும்பகோணத்துலேருந்து அம்மாவோட திரும்பி வந்து நாலு நாள்தான் ஆகுது, அந்த கோவம் இன்னும் இருக்கு, அதையும் சேர்த்தே படிச்சுக்கோங்க.

முதல் அஞ்சு வருஷம் நான் ஷீட் ஆளு. எக்ஸெல்ல மணி வாரியா போட்டு, டிக்கெட் ஓபன் ஆகுற அன்னைக்கு காலைல 8 மணிக்கு லேப்டாப் முன்னாடி உக்காந்துடுவேன். அப்பல்லாம் 120 நாள் முன்னாடியே ரயில் டிக்கெட் எடுக்கலாம், 2024 நவம்பர்லேருந்து அது 60 நாள் ஆயிடுச்சு, உங்களுக்கே தெரியும். உழவன் எக்ஸ்பிரஸ்ல நைட்டு ஏறினா விடியக்காலைல தஞ்சாவூர், குளிச்சிட்டு பெரிய கோயில், பத்தரைக்கு வண்டி, அடுத்து தாராசுரம். ஒண்ணுகூட மிஸ் ஆகாது, அத ஒத்துக்கணும். ஆனா 2016ல தாராசுரம் போனப்ப அந்த யானையும் காளையும் ஒரே தலைய பங்கு போட்டுக்கற சிற்பம் இருக்குல்ல, ஒரு பக்கத்து உடம்ப கையால மறைச்சா யானை, இன்னொரு பக்கத்த மறைச்சா காளை, அத ஒருத்தர் தன் பையனுக்கு காட்டிட்டு இருந்தாரு, நானும் கிட்ட போய் பாக்கலாம்னு நகர்றேன், எங்க குரூப்ல "மணி 11.50, கிளம்பு கிளம்பு"ங்கறாங்க. கிளம்பிட்டேன். அடுத்த எடத்துல என்ன பாத்தேன்னு இன்னைக்கு ஞாபகமே இல்ல, அந்த பையன் கைய வச்சு மறைச்சு மறைச்சு சிரிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம்தான் சும்மா கிளம்ப ஆரம்பிச்சேன். ஒரு பை, ரெண்டு செட் துணி, பஸ் ஸ்டாண்டு. இதுல எனக்கு கெடச்ச பெரிய விஷயம் புள்ளமங்கை கோயில். தஞ்சாவூர்லேருந்து கும்பகோணம் போற பஸ்ல பக்கத்து சீட்டு பாட்டி, கீரைக்கட்டு கூடைய மடில வச்சிட்டு, "கோயில் பாக்கத்தான வந்த, பசுபதிகோயில் ஸ்டாப்புல எறங்கு, உள்ள நடந்தா ஒண்ணு இருக்கு"ன்னாங்க. எறங்கிட்டேன். கோயில் பூட்டி இருந்துச்சு. சைக்கிள்ல போன ஒரு பையன் நான் கேக்காமயே "குருக்கள் வீட்ல சாவி இருக்குண்ணே"ன்னு போனவன், முக்கால் மணி நேரம் கழிச்சுதான் அவரோட வந்தான். எனக்கு அவசரமே இல்ல, மதில் நெழல்ல உக்காந்திருந்தேன். பத்தாம் நூற்றாண்டு கோயில், முதலாம் பராந்தக சோழன் காலத்துது, அதாவது ராஜராஜன் பெரிய கோயில் முடிச்ச 1010க்கு பல வருஷம் முந்தி. அடித்தளத்துல உள்ளங்கை அளவுக்கு சின்னச் சின்னதா ராமாயணக் காட்சி வரிசையா செதுக்கியிருக்கான். முட்டி போட்டு குனிஞ்சாதான் தெரியும். குருக்கள் என் செல்போன் டார்ச்ச வாங்கி பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சாரு, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சு அடிச்சதும் கட்டவிரல் நகம் அளவு இருக்கற மூஞ்சில கண்ணு மூக்கு எல்லாம் நெழலோட எழும்பி வருது. எனக்கு நெஜமாவே தொண்ட அடைச்சிடுச்சு. ஒன்றரை மணி நேரம் இருந்தேன். எந்த ஷீட்லயும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு எடம் இருந்திருக்காது.

இப்ப இன்னொரு பக்கம். இத்தன வருஷமா சும்மா கிளம்புறதுல என்ன விடாம கடுப்பேத்துற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், நடை சாத்தற நேரம். ரூம் கெடைக்கலன்னா எங்கயாவது சமாளிச்சுடலாம், தட்கல் போச்சுன்னா பஸ் இருக்கு, ஆனா பன்னெண்டு பன்னெண்டரைக்கு நடை சாத்துனா சாயந்தரம் நாலு மணிக்குத்தான். கோயில் மேல தப்பே இல்ல, காலங்காலமா அதான் நேரம். ஆனா பிளான் இல்லாம போனா எப்படியோ சரியா அந்த கதவு மூடற நேரத்துக்குத்தான் போய் நிப்போம், எனக்கு இது ஏழெட்டு தடவ நடந்திருக்கு. தனியா இருந்தா காபி குடிச்சிட்டு எங்கயாவது சாஞ்சுக்கலாம்.

போன வாரம் அம்மா கூட இருந்தாங்க. 68 வயசு, ரெண்டு முட்டியும் வலி. சாரங்கபாணி கோயில பாக்கணும்னு எத்தன வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க, திருமழிசை ஆழ்வார் கூப்பிட்டதும் படுத்திருந்த பெருமாள் எழுந்திருக்கப் பாத்தாராம்ல, அந்த கோலத்துலயே சேவிக்கணும்னு. வழக்கம் போல சும்மா கிளம்பினோம், வழில டிபன், அப்புறம் ஒரு பாத்திரக்கடைல டபரா டம்ளர் பாத்து நின்னது, கோபுரத்துகிட்ட போறப்ப 12.35. சாத்தியாச்சு. முகூர்த்த நாள், கும்பகோணத்துல அன்னைக்கு ரூமா கெடைக்கும்? மூணு லாட்ஜ்ல கேட்டேன், ஒரு எடத்துல "ரெண்டு மணி நேரத்துக்கெல்லாம் தர மாட்டோம்"னு அம்மா முன்னாடியே மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாங்க. கடைசில ஒரு மூடின கடை திண்ணைல, வெயில் நகர நகர நாங்களும் நகர்ந்து, நாலு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம். அம்மா ஒரு வார்த்த திட்டல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. கதவு தொறந்து உள்ள போனப்ப முட்டி வீங்கியிருச்சு, சந்நிதில அவங்களால நிக்க முடியல, என் தோள புடிச்சிட்டு ஒரு நிமிஷம் பாத்துட்டு தூண் பக்கம் உக்காந்துட்டாங்க. இத்தன வருஷம் காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்கு. காலைல 8 மணிக்கு அங்க இருந்திருந்தா வேணுங்கற மட்டும் நின்னு சேவிச்சிருப்பாங்க.

அதனால மச்சான், உன் கேள்விக்கு பதில், ஷீட் போடு. புள்ளமங்கை பத்தி மேல எழுதினது அத்தனையும் உண்மைதான், ஒரு வார்த்தையும் மாத்த மாட்டேன், ஆனாலும் இன்னைக்கு என்ன கேட்டா ஷீட்தான். பெரிய கோயிலுக்கு காலைல சீக்கிரம் போயிடுங்க, பதினோரு மணிக்கு மேல அந்த கருங்கல் தரைல செருப்பு இல்லாம கால் வைக்க முடியாது, புள்ளைங்க அழுதுடும். மத்தியானம் படுக்க ரூம் கையில இருக்கணும், முகூர்த்த நாளான்னு காலண்டர்ல பாத்துட்டு தேதி முடிவு பண்ணுங்க. 2028 மகாமகத்துக்கு போற ஐடியா இருந்தா அதுக்கு இப்பவே யோசிக்கணும், அது வேற கத.

நான் அடுத்த மாசம் அம்மாவ கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிட்டு போறேன். ரூம் போட்டாச்சு, வண்டி சொல்லியாச்சு, கும்பகோணத்துலேருந்து காலைல 6.30க்கு கிளம்பறோம்.