ஒரே விருது, நான்கு விடைகள்: பொறியியலோடு கலைக்கல்வியையும் சமூகப் பணியையும் சேர்க்கும் வழிகள்

அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாதமி, பொறியியல் கல்வியில் புதுவழி கண்டவர்களுக்கு பெர்னார்ட் கார்டன் பெயரில் ஒரு விருது வழங்குகிறது. அந்த விருது 2005-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் ஊரிலுள்ள சேவை அமைப்புகளுக்காகக் கருவிகள் வடிவமைக்கும் எபிக்ஸ் திட்டத்தை உருவாக்கியவர்களுக்கும், 2012-இல் ஹார்வி மட் கல்லூரியின் ஆசிரியர் மூவருக்கும், 2013-இல் ஓலின் கல்லூரியை வடிவமைத்தவர்களுக்கும், 2016-இல் வூஸ்டர் பாலிடெக்னிக்கின் ஆசிரியர்களுக்கும் கிடைத்தது. கணக்கும் கருவியும் மட்டும் தெரிந்தவர் நல்ல பொறியாளராகிவிட மாட்டார், தன் வேலை யாருடைய வாழ்வைத் தொடுகிறது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும் என்பதில் இந்த நான்கு இடங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அறிவை மாணவர் எங்கே, யாரிடமிருந்து, எவ்வளவு காலத்தில் பெறுவார் என்பதில்தான் அவை பிரிகின்றன. எந்த வழி எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று பார்ப்பதே இந்த அலசலின் நோக்கம்.

இந்த எண்ணம் புதிதன்று. 1862-இல் லிங்கன் ஒப்பமிட்ட மோரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் வழங்கி வேளாண்மையும் பொறித்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்க வழிசெய்தது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியோடு பரந்த கலைக்கல்வியும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. அதற்கும் முன்பே, 1845-இல், நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி தன் கலைப்பாடங்களுக்கு அருகில் பொறியியலை வைத்தது. எனினும் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் கலைப்பாடங்கள், அங்கீகாரத்துக்காக நிறைவுசெய்ய வேண்டிய அரையாண்டுப் பாடச்சுமையாகச் சுருங்கிப்போயின. மாணவர் தம் நேர அட்டவணைக்குப் பொருந்துவதை எடுத்தார், தேர்வு எழுதினார், மறந்தார்.

அதற்கு மாற்றாக நெடுங்காலம் இருந்துவருவது மூன்றும் இரண்டும் சேர்ந்த ஐந்தாண்டு முறை. முதல் மூன்று ஆண்டுகள் ஒரு கலைக்கல்லூரியிலும், பின்னர் இரண்டு ஆண்டுகள் கொலம்பியா போன்ற ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியிலும் படித்து இரண்டு பட்டங்களோடு வெளியேறலாம். தாளில் இது நேர்த்தியாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு கல்விகளும் இங்கே அடுத்தடுத்து நடக்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பாலங்களின் வரலாற்றைப் படிக்கும்போது மாணவருக்கு விசையியல் ஆழமாகத் தெரியாது. விசையியல் கற்கும்போது வரலாற்று ஆசிரியர் பக்கத்தில் இல்லை. ஐந்தாம் ஆண்டின் செலவும், நண்பர்கள் பட்டம் பெறும் ஆண்டில் வேறு ஊருக்குப் பெயர வேண்டியிருப்பதும் கூடுதல் சுமைகள். எனவே இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

கலிபோர்னியாவின் கிளேர்மான்ட்டில் 1955-இல் நிறுவப்பட்ட ஹார்வி மட் கல்லூரி இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. தம் வேலை சமூகத்தில் ஏற்படுத்தும் விளைவைத் தெளிவாக உணர்ந்த பொறியாளர்களையும் அறிவியலாளர்களையும் உருவாக்குவதே தன் பணி என்று அது தன் குறிக்கோளிலேயே எழுதிக்கொண்டது. பொறியியல் மாணவரும் இலக்கியம், மெய்யியல், பொருளியல், இசை போன்றவற்றில் பத்துக்குக் குறையாத பாடங்களைப் படித்தாக வேண்டும். அவற்றுள் ஒரு துறையில் ஆழமாகவும் செல்ல வேண்டும். பக்கத்திலேயே போமோனா, ஸ்கிரிப்ஸ், பிட்சர், கிளேர்மான்ட் மெக்கென்னா ஆகிய கல்லூரிகள் இருப்பதால், அந்த வகுப்புகளைக் கலையையே முதன்மையாகப் படிப்பவர்களோடு அமர்ந்து கற்கலாம். இயந்திரவியல், மின்னியல் என்று பிரிக்காமல் பொறியியல் என்ற ஒரே பட்டத்தை அது வழங்குவதும் அதே மனப்போக்கின் விளைவுதான்.

மட் கல்லூரியின் மற்றொரு பெருமை, 1963-இல் தொடங்கிய கிளினிக் முறை. மருத்துவ மாணவர் நோயாளியின் படுக்கையருகே கற்பதுபோல, நான்கைந்து மாணவர்கள் கொண்ட குழு வெளியார் கொண்டுவரும் உண்மையான சிக்கலை ஓர் ஆண்டு முழுவதும் எடுத்துத் தீர்க்கிறது. ஆனால் அந்த வெளியார் பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் தொழில் நிறுவனங்கள். அதில் தவறு இல்லை. மாணவர் அங்கே கற்கும் ஒழுங்கு மிக உயர்ந்தது. என்றாலும் சமூகம் என்ற சொல் வகுப்பறையில் கட்டுரையாகவும், பட்டறையில் வாடிக்கையாளராகவும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கலைக்கல்வியின் செழுமையில் இந்த நான்கில் மட் கல்லூரிக்கே முதலிடம் தருவேன். சேவையில் தர இயலாது.

பாஸ்டனுக்கு அருகே நீடம் நகரில் உள்ள ஓலின் கல்லூரி ஓர் அறக்கட்டளையின் பெருங்கொடையில் 1997-இல் உருவாகி, 2002-இல் முதல் வகுப்பைச் சேர்த்தது. துறைகளும் இல்லை, ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணியுரிமையும் இல்லை. தொடக்க ஆண்டுகளில் எல்லா மாணவர்களுக்கும் முழுக் கல்விக் கட்டண உதவி கிடைத்தது. பின்னர் அது பாதியானது. இரண்டாம் ஆண்டில் வரும் வடிவமைப்புப் பாடத்தில் மாணவர்கள் ஒரு குறிப்பிட்ட மக்கள் குழுவைத் தேடிச் சென்று, அவர்களுடைய அன்றாடத்தைக் கவனித்து, அவர்களோடு பேசிப் பேசியே என்ன செய்யலாம் என்ற எண்ணத்துக்கு வருகிறார்கள். கருவியை முதலில் செய்துவிட்டு அதற்கு ஆள் தேடும் பழக்கத்தை இது முளையிலேயே கிள்ளுகிறது. கலைப்பாடங்களுக்கும் வணிகப் பாடங்களுக்கும் அருகிலுள்ள வெல்லஸ்லி, பேப்சன் கல்லூரிகளின் கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் கவனித்துப் பேசும் அந்தப் பழக்கம் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடுகிறது. நானூறுக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட கல்லூரியில் சாத்தியமாகும் இந்த நெருக்கம், பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

மற்ற இரண்டு வழிகளைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது.

மாசசூசெட்ஸின் வூஸ்டர் பாலிடெக்னிக் 1865-இல் நிறுவப்பட்ட பழைய தொழில்நுட்பக் கல்லூரி. 1970-இல் அதன் ஆசிரியர்களே வாக்களித்து, வகுப்பறைப் பாடங்களின் பட்டியலுக்குப் பதிலாகச் செயல்திட்டங்களை மையமாகக் கொண்ட புதிய கல்வித் திட்டத்தை ஏற்றனர். அதன்படி ஒவ்வொரு மாணவரும், பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், தம் முதன்மைத் துறைக்கு வெளியே, தொழில்நுட்பமும் சமூகமும் சந்திக்கும் ஒரு சிக்கலைக் குழுவாக ஆராய வேண்டும். மூன்று பாடங்களுக்கு ஈடான இந்த வேலையை முடிக்காமல் பட்டம் கிடையாது. விரும்பியவருக்கு மட்டும் என்று விடாமல் அனைவருக்கும் கட்டாயமாக்கியதே இத்திட்டத்தின் துணிச்சல் என்பது என் கருத்து. விருப்பப் பாடமாக இருந்தால் ஏற்கெனவே அக்கறை உள்ளவரே அதை எடுப்பார். அக்கறை வர வேண்டியவர் தப்பித்துவிடுவார்.

மாணவர்களுள் பலர் இதற்காக வெனிஸ், கேப் டவுன், பாங்காக் போன்ற நகரங்களிலுள்ள செயல்திட்ட மையங்களுக்குச் செல்கிறார்கள். முந்தைய பருவத்தில் அந்த ஊரைப் பற்றியும் ஆய்வுமுறை பற்றியும் படித்துத் தயாராகி, பின்னர் 7 வாரம் அங்கேயே தங்கி உள்ளூர் அமைப்பு ஒன்றுக்காக வேலை செய்கிறார்கள். 1988-இல் தொடங்கிய வெனிஸ் மையம் இதற்கு நல்ல உதாரணம். அந்நகரில் சரக்குப் படகுகள் பொருள் வாரியாகப் பிரிந்து ஓடின. குடிபானம் ஏற்றிய படகு நகரெங்கும் சுற்றியது, அதன் பின்னால் காய்கறிப் படகும் அதே நகரெங்கும் சுற்றியது. படகுகள் எழுப்பும் அலை பழைய கட்டடங்களின் அடித்தளத்தை அரித்தது. மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் திரட்டிய தரவுகளிலிருந்து, பொருள் வாரியாக அன்றி இடம் வாரியாகச் சரக்கைப் பிரித்து அனுப்பினால் படகோட்டத்தைப் பெருமளவு குறைக்கலாம் என்ற யோசனை பிறந்தது. கணக்கு அளவில் இது எளிய தீர்வு. ஆனால் யாருடைய படகு, யாருடைய வழித்தடம், யாருடைய பிழைப்பு என்ற கேள்விகளைத் தொடாமல் அதை நடைமுறைக்குக் கொண்டுவர முடியாது. பொறியியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த சமூகவியல் பாடத்தை எந்த வகுப்பறையும் தந்துவிடாது.

இத்திட்டத்தின் பலவீனமும் அந்த 7 வாரத்திலேயே இருக்கிறது. ஊரின் மொழி காதுக்குப் பழகும் முன்பே விமானம் ஏற வேண்டியிருக்கிறது. மையம் ஆண்டுதோறும் தொடர்வதால் ஒரு குழு விட்டதை அடுத்த குழு எடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் தான் பரிந்துரைத்தது நடந்ததா, நடந்து பயன் தந்ததா என்பதை அதே மாணவர் பெரும்பாலும் காண்பதில்லை. பயணச் செலவுக்காகக் கல்லூரி ஒவ்வொரு மாணவருக்கும் 5,000 டாலர் வரை உதவித்தொகை அளிப்பது, வசதி இல்லாதவர் உள்ளூரிலேயே நின்றுவிடக் கூடாது என்ற நியாயமான அக்கறையால்தான். அந்தப் பணம் தூரத்தின் சிக்கலைத் தீர்க்கிறது. காலத்தின் சிக்கல் அப்படியே இருக்கிறது.

காலத்தின் சிக்கலைத் தொட்டது இந்தியானா மாநிலத்தின் பர்டியூ. 1995-இல் எட்வர்ட் காயிலும் லியா ஜேமிசனும் அங்கே தொடங்கிய எபிக்ஸ் திட்டத்தில், முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகான கிரெடிட், பருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான். ஆனால் ஒருவர் அதே குழுவில் பல பருவங்கள் தொடரலாம். ஊரிலுள்ள பள்ளி, மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், வீடற்றோருக்கு உதவும் அமைப்பு போன்ற ஒன்றோடு குழு பல ஆண்டுகளுக்கு உறவு கொள்கிறது. மூத்தவர் பட்டம் பெற்றுப் போகும்போது இளையவர் குறிப்பேட்டைக் கையில் வாங்கிக்கொள்கிறார். வேலை பருவத் தேர்வோடு முடிவதில்லை. கருவி பயன்படுத்துவோரின் கைக்குச் சென்று அவர்கள் ஏற்ற பிறகே முடிகிறது. கொடுத்த கருவி பழுதானால் கேட்பதற்கு அந்த அமைப்புக்கு ஆள் இருக்கிறது. சிகிச்சை பெறும் குழந்தைக்காகச் செய்த கருவி அந்தக் குழந்தையின் கைக்குப் பொருந்தவில்லை என்று சிகிச்சையாளர் திருப்பி அனுப்பும்போது, மாணவர் கற்பது மதிப்பெண்ணால் வராத பாடம்.

எபிக்ஸில் குறைவது படிப்பு. சமூகவியலோ குழந்தை வளர்ச்சியோ பயிலும் மாணவர் குழுவில் சேரலாம், சேர்கிறார்கள். ஆனாலும் அந்த ஊரில் வறுமை ஏன் இருக்கிறது, அந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்று வரலாற்றையும் அரசியலையும் தேடிப் படிக்க, கடினமான பொறியியல் பாடங்களுக்கு நடுவே கிடைக்கும் இரண்டு கிரெடிட் போதாது. படிப்பில்லாத சேவைக்கு ஓர் ஆபத்து உண்டு. பம்பு பழுது என்று கேட்டவுடன் மேலான பம்பு ஒன்றை வடிவமைத்துவிடலாம். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்பதே அங்குள்ள சண்டை என்று தெரியாமலேயே.

ஆகவே இவற்றை அருகருகே வைத்தால் அளவுகோலுக்கு ஏற்ப வரிசை மாறுகிறது. படிப்பின் ஆழத்தில் மட், அதற்கடுத்து வூஸ்டர். மனிதரைக் கவனிக்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுவதில் ஓலின். எல்லாரையும் உள்ளே இழுப்பதில் வூஸ்டர். செய்ததற்குப் பொறுப்பேற்க வைப்பதில் எபிக்ஸுக்கு நிகராக மற்ற மூன்றும் இல்லை. பெரிய பல்கலைக்கழகத்துக்குள் பொருந்துவதும் அதுவே. 40 மாணவர்களோடு தொடங்கியது, பின்னர் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரவியதற்குக் காரணம், புதிய கல்லூரி கட்டாமல், இருக்கும் பாடத்திட்டத்துக்குள் அதை நுழைக்க முடிந்ததுதான்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் எபிக்ஸையே தேர்ந்தெடுப்பேன். படிக்காமல் விட்ட வரலாற்றை ஒரு பொறியாளர் நாற்பது வயதிலும் படித்துக்கொள்ளலாம். தன் வேலையைப் பயன்படுத்துபவர் எதிரில் நின்று, இது எனக்கு உதவவில்லை என்று சொல்வதைக் கேட்டு, மறுபடி செய்துகொண்டு வரும் பழக்கம் பத்தொன்பது வயதில் வராவிட்டால், சம்பளமும் பதவியும் வந்த பிறகு வருவது கடினம். இதனோடு ஒரு மாற்றத்தையும் கேட்பேன்: வூஸ்டரில் மாணவர் வெனிஸுக்குப் புறப்படுமுன் ஒரு பருவம் படித்துத் தயாராவதைப் போல, எபிக்ஸ் குழுவில் சேரும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு பருவம் தாம் சேவை செய்யப்போகும் ஊரைப் பற்றிப் படிக்கட்டும், அதை வரலாறோ சமூகவியலோ அறிந்த ஆசிரியரே நடத்தட்டும், அந்தப் படிப்புக்கும் வடிவமைப்புக்கு நிகரான கிரெடிட் கிடைக்கட்டும்.