இரு சாக்கெட் பயாஸ் மீட்டர்: ஓராண்டுப் பயன்பாட்டில் கண்டவை

வால்வு (டியூப் என்றும் சொல்வார்கள்) கொண்ட கிட்டார் ஆம்ப்பில், ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூப்களை மாற்றும்போதெல்லாம் பயாஸை, அதாவது வாசிக்காதபோது டியூபில் ஓடும் ஓய்வுநிலை மின்னோட்டத்தின் அமைப்பை, சரிபார்க்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் சேஸியை (மின்சுற்று அமைந்த உலோகப் பெட்டியை) திறந்து, நானூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடத்தில் மல்டிமீட்டர் முனையை வைக்கப் பலரும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. அதற்கு மாற்றாக விற்கப்படும் கருவிதான் பயாஸ் மீட்டர். நான் ஓராண்டாகப் பயன்படுத்திவருவது இரண்டு ஆக்டல் (எட்டுப் பின்) அடாப்டர்களும், அவற்றின் கேபிள்கள் சென்று சேரும் ஒரு சிறு அளவுப்பெட்டியும் கொண்டது. டியூபைக் கழற்றி, அதன் இடத்தில் அடாப்டரைப் பொருத்தி, அடாப்டரின் மேல் டியூபைச் செருகினால் வேலை முடிந்தது.

உள்ளே நடப்பது எளிமையானது. 6எல்6, இஎல்34, 6வி6, கேடி88 ஆகிய பவர் டியூப் வகைகள் எல்லாவற்றிலும் எட்டாவது பின்தான் கேதோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை). அடாப்டர் அந்த ஒரு இணைப்பை மட்டும் துண்டித்து, நடுவே ஒரு ஓம் மின்தடையை வைக்கிறது. அதன் குறுக்கே தோன்றும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர் கேதோடு மின்னோட்டத்தைக் குறிக்கும். இந்த அளவுக்குச் செய்யும் கருவிகள் ஏராளம். என்னிடம் இருப்பது மூன்றாவது பின்னிலிருந்து பிளேட் (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனை) வோல்ட்டேஜையும் எடுத்துக் காட்டுகிறது என்பதே இதை நான் பரிந்துரைக்க முதன்மையான காரணம்.

ஏனெனில் மில்லிஆம்பியர் மட்டும் தெரிந்தால் பாதி விடைதான் கிடைக்கும். "இஎல்34-க்கு நாற்பது வைத்தால் போதும்" என்று சொல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிளேட்டில் 420 வோல்ட் உள்ள ஆம்ப்பில் 40 மில்லிஆம்பியர் என்பது 16.8 வாட், 500 வோல்ட் உள்ள ஆம்ப்பில் அதே நாற்பது 20 வாட் ஆகிவிடும். இஎல்34-இன் பிளேட் தாங்கும் உச்சவரம்பு 25 வாட் என்பதால், முதல் ஆம்ப் 67 சதவீதத்திலும் இரண்டாவது 80 சதவீதத்திலும் ஓய்வுநிலையில் நிற்கின்றன. கிளாஸ் ஏபி ஆம்ப்களுக்கு (ஒலி அலையின் இரு பாதிகளையும் டியூப்கள் மாறி மாறிச் சுமக்கும் வகை) 70 சதவீதத்தை மேல்வரம்பாகக் கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால் டியூபின் ஆயுள் குறையும், எல்லை மீறினால் பிளேட் சிவந்து எரியும். மிகவும் குறைத்து வைத்தாலோ, ஒரு டியூப் ஓய்ந்து மற்றொன்று பொறுப்பேற்கும் இடத்தில் இடைவெளி விழுந்து, மெல்ல வாசிக்கும்போது ஒலி கரகரக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மின்னோட்டத்தைக் கூட்டினால் பிளேட் வோல்ட்டேஜ் சற்று இறங்கும். ஆகவே பயாஸைச் சரிசெய்யும் திருகை ஒருமுறை திருகியதும் இரண்டு அளவுகளையும் மறுபடி படிப்பது அவசியம். இந்தக் கருவியில் அதற்கு ஒரு குமிழைத் திருப்பினால் போதும்.

காட்டும் எண்ணை நம்பலாமா? மேசை மின்வழங்கியிலிருந்து மல்டிமீட்டர் வழியாக 50 மில்லிஆம்பியரை ஒவ்வொரு அடாப்டரிலும் செலுத்திப் பார்த்தேன். ஒன்று 50.2 காட்டியது, மற்றொன்று 51.9. பயாஸ் வேலைக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல என்றாலும், ஜோடி டியூப்கள் பொருந்தியுள்ளனவா என்று பார்க்கும்போது குழப்பும். இரண்டு டியூப்களும் வெவ்வேறு எண் காட்டினால் அடாப்டர்களை இடம் மாற்றிப் பாருங்கள்: வேறுபாடு அடாப்டரோடு நகர்ந்தால் குற்றம் டியூபில் இல்லை. மேலும், கேதோடு மின்னோட்டத்தில் ஸ்கிரீன் கிரிட்டின் (டியூபுக்குள் பிளேட்டுக்கு முன்னுள்ள கம்பிவலையின்) பங்கும் அடங்கும். 6எல்6-இல் அது சிறிது, இஎல்34-இல் கவனிக்கத்தக்கது. அதைக் கழிக்காமல் விட்டால் பிளேட்டின் உண்மையான வாட் நாம் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், தவறு பாதுகாப்பான பக்கமே சாய்கிறது. நான் கழிப்பதில்லை.

குறைகளும் உண்டு. அடாப்டர் டியூபை ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உயர்த்திவிடுவதால், குறுகிய கேபினட்டுக்குள் தொங்கும் ஆம்ப்பில் டியூபைச் செருக இடமில்லாமல் சேஸியையே வெளியே எடுக்க நேர்ந்தது. அப்படி எடுத்த பின், ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்பை இயக்கிவிடக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பலியாகலாம். கருவியோடு வந்த கையேடு, டியூபின் பெயருக்கு நேரே ஒரு மில்லிஆம்பியர் எண்ணை மட்டும் அச்சிட்டிருக்கிறது. வோல்ட்டேஜைக் காட்டும் கருவியை விற்றுவிட்டு அதைப் பயன்படுத்தாத அட்டவணையைத் தருவது விந்தைதான்.

வாங்கும் முன் அடாப்டரில் முதல் பின் தொடர்கிறதா என்று கேட்டறியுங்கள். இஎல்34-இல் மூன்றாவது கிரிட் அந்தப் பின்னில்தான் முடிகிறது. அடாப்டர் அதை விட்டுவிட்டால் அந்தக் கிரிட் எங்கும் இணையாமல் தொங்கும். என்னுடையதில் எட்டுப் பின்களுக்கும் இணைப்பு உள்ளது.

எல்லா ஆம்ப்புக்கும் இது தேவைப்படாது. வாக்ஸ் ஏசி30 போன்றவற்றின் இஎல்84 ஒன்பது பின் கொண்டது. ஆக்டல் அடாப்டர் அதில் பொருந்தாது, கேதோடு பயாஸ் (கேதோடிலுள்ள மின்தடையே மின்னோட்டத்தை அமைத்துக்கொள்ளும் முறை) என்பதால் திருகுவதற்கும் ஒன்றுமில்லை. மேசா பூகியின் பெரும்பாலான ஆம்ப்களில் பயாஸ் மாற்ற முடியாதபடி நிலையாக அமைக்கப்பட்டிருப்பதால், டியூபின் நிலையை அறிய மட்டுமே இது உதவும். சரிசெய்யும் திருகு சேஸிக்குள்ளேயே இருக்கும் ஆம்ப்களில், அளவை வெளியே படித்தாலும் கையை உள்ளே விட்டே ஆக வேண்டும். அங்கே காப்பிட்ட பிடியுள்ள திருப்புளியும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். இந்தப் பெட்டியின் வோல்ட்டேஜ் அளவை அந்த நேரத்திலும் பார்க்கலாம் என்பது விளம்பரத்தில் சொல்லப்படாத, எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி.