பழைய காரை ரெஸ்டோரேஷனுக்கு விடுகிறீர்களா? எங்கள் ஹெரால்டுக்கு நடந்ததைப் படித்துவிட்டு விடுங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இல் தொடங்கி மெட்ராஸிலேயே தயாரான வண்டி. அதை ஓடும் நிலையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு சின்ன பாகம் போனாலும் திரும்பக் கிடைக்க எவ்வளவு அலைய வேண்டும் என்று. அப்படிப்பட்ட வண்டியிலிருந்து ஒரிஜினல் சாவிப் பூட்டையும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் எடுத்துக்கொண்டு, கண்ட சாமானை மாட்டி அனுப்பியிருக்கிறது சென்னையில் ஒரு பட்டறை. வேலையைச் சரியாகச் செய்யாததை விட, கேட்டால் “இதுதான் சார் ஒரிஜினல்” என்று முகத்துக்கு நேராகச் சொன்னதுதான் அதிகம் வலிக்கிறது.

நான் கொடுத்த வேலை பெரியதல்ல. சாவி துவாரத்தில் ஆட்டம் இருந்தது. ஓடும்போது சாவி அசைந்தால் இன்ஜின் விட்டு விட்டு இழுக்கும். அதே பூட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அங்கிருந்து காயில் (ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் சுருள்), டிஸ்ட்ரிபியூட்டர் வரை போகும் வயர்களை அதே நிறத்தில் புதிதாக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்து லூகாஸ் கம்பெனி ஒயரிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் வேலை உண்டு. பேட்டரியிலிருந்து வருவது பிரவுன், சாவி போட்ட பிறகு காயிலுக்குப் போவது வெள்ளை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. நிறத்தை மாற்றினால் பின்னால் பழுது பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பட்டறைக்காரர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் அட்வான்ஸ் வாங்கினார்.

வண்டி திரும்பி வந்தபோது டாஷ்போர்டில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு. ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் போடுகிற மலிவான ரகம். அது உட்காருவதற்காகத் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இனி பழைய பூட்டு கிடைத்தாலும் அந்தத் துளையில் நிற்காது. இத்தனைக்கும் அந்தப் பூட்டைக் கழற்றுவது எளிது. சாவியைப் போட்டுத் திருப்பி, பக்கவாட்டில் இருக்கும் பொடித் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முளையை அழுத்தினால் பூட்டின் உள்பாகம் கையோடு வந்துவிடும். அந்தப் பூட்டின் முகத்திலேயே சாவி எண் பொறித்திருந்தது. அந்த எண்ணை வைத்துப் புதுச் சாவியே வெட்டியிருக்கலாம். பழைய பூட்டு எங்கே என்று கேட்டதற்கு, “அது உடைஞ்சு போச்சு சார், குப்பையில போட்டுட்டோம்” என்றார்.

அப்புறம் ஓட்டிப் பார்த்தால் சூடேறியதும் இன்ஜின் நிற்கிறது, மேம்பாலம் ஏறும்போது டக் டக்கென்று தட்டுகிற சத்தம் வருகிறது. பல வருடங்களாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால், காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சிபி பாயிண்ட் கருகி நீலம் பாய்ந்திருந்தது. காயிலில் மீட்டர் வைத்தார். ஒன்றரை ஓம் காட்டியது. இந்த வண்டிக்கு வேண்டியது சுமார் 3 ஓம் காயில். ஒன்றரை ஓம் காயில் போட்டால் கூடவே கரண்டைக் கட்டுப்படுத்தும் பாலாஸ்ட் ரெசிஸ்டரும் போட வேண்டும். அது இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்தால் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். காயில் கொதிக்கும், பாயிண்ட் எரியும். புது பாயிண்ட் வாங்கி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இடைவெளி வைத்தாலும் சில நாளில் அதுவும் அப்படித்தான் ஆகும்.

உள்ளே இன்னும் மோசம். பாயிண்டுக்கு வரும் வயர் பொடி இழைகள் நிறைய முறுக்கிய, நன்றாக வளைகிற வயராக இருக்க வேண்டும். ஏனென்றால் இன்ஜினின் வேக்குவம் (உறிஞ்சும் விசை) இழுக்கும்போது பாயிண்ட் உட்காரும் தட்டே நகரும். அங்கே விறைப்பான பிளாஸ்டிக் வயரை வைத்திருந்தார்கள். தட்டிலிருந்து உடம்புக்குப் போகும் சின்ன எர்த் வயர் இல்லவே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரே எங்களுடையது இல்லை. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் மாடலும் பார்ட் எண்ணும் அடித்திருக்கும். வண்டியை விடும் முன் நான் எடுத்து வைத்திருந்த போட்டோவில் இருந்த எண் வேறு, இப்போது இருப்பது வேறு. வேறு இன்ஜினுக்கானதில் உள்ளே இருக்கும் எடையும் ஸ்பிரிங்கும் மாறும், அதனால் வேகம் கூடும்போது டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) முன்னே போகும் அளவும் மாறும். மேட்டில் தட்டியதற்கு அதுதான் காரணம் என்றார் பெரியவர்.

ஒயரிங்கைச் சொல்லவே வேண்டாம். வீட்டு சுவிட்ச் போர்டுக்குப் போடும் சிவப்பு ஒயர், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். பிரவுன் வயர் இருந்த இடத்திலும் அதே மெலிந்த ஒயர். சாவி வழியாகக் காயிலுக்குப் போகும் இந்தப் பாதையில் ஃபியூஸ் கிடையாது. எங்காவது உரசி பாடியில் தொட்டால் வயர் முழுக்கப் பழுத்து எரியும், பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில். பிள்ளைகளை உட்கார வைத்து இந்த வண்டியில்தான் போய் வந்திருக்கிறோம்.

போட்டோவைக் காட்டியதும் பட்டறைக்காரர் பேச்சு மாறியது. முதலில் ஞாபகமில்லை என்றார், பிறகு பையன் மாற்றியிருப்பான் என்றார், அதன் பிறகு போனே எடுக்கவில்லை. ஜிஎஸ்டி பில் கேட்டும் தரவில்லை. பணம் வங்கி வழியாகப் போனதால் ஆதாரம் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும்.

வண்டியை எங்கே விட்டாலும் பூட்டின் எண், டிஸ்ட்ரிபியூட்டர் எண், காயில், கார்புரேட்டர் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுங்கள். கழற்றுகிற ஒவ்வொரு பழைய பாகமும், உடைந்திருந்தாலும், திரும்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூட்டைக் கழற்றும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். அது கொஞ்ச நேர வேலைதான். “பழைய பாகத்தை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?” என்று கேட்கும் பட்டறையில் வண்டியை விடவே விடாதீர்கள். ஏற்கெனவே எங்காவது விட்டிருந்தால் இன்றே போய் பானட்டைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள்.