ஒரே சார்ஜ், மூன்று விளையாட்டு: டூர்னமென்டுக்கு எந்தப் படை?

இரண்டு நாளில் ஐந்து ஆட்டம். இங்கிலாந்தில் மினியேச்சர் வார்கேம் (சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு) டூர்னமென்ட் என்றால் பெரும்பாலும் இதுதான் கணக்கு, சனிக்கிழமை மூன்று, ஞாயிற்றுக்கிழமை இரண்டு. ஒவ்வொரு அணிக்கும் இத்தனை பாயிண்ட் என்று ஒரு மதிப்பு உண்டு, ஆளுக்கு மொத்தம் 2,000 பாயிண்ட் அளவில் ஒரு படை, ஆறடிக்கு நாலடி அல்லது கொஞ்சம் சின்ன மேசை, ஓர் ஆட்டத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். ஃபேன்டஸி பக்கம் முதல்முறையாகப் போட்டிக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: ஏஜ் ஆஃப் சிக்மாரா, தி ஓல்ட் வேர்ல்டா, கிங்ஸ் ஆஃப் வாரா?

எந்த விளையாட்டு நல்லது என்று கேட்டால் விடிய விடியப் பேசலாம். போட்டிக்கு எது என்று கேட்டால் எனக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கால் கடுக்க நின்று, கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும் நேரத்தில், கடைசி ஆட்டத்தைக் கடைசிச் சுற்று வரை உருப்படியாக ஆடி முடிக்க எது விடுகிறது? அதை எடுத்துப் போங்கள்.

மூன்றுக்கும் பூர்வீகம் ஒன்றுதான். 1983இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கொண்டுவந்த வார்ஹாமர் ஃபேன்டஸி பேட்டில், எட்டுப் பதிப்பு கண்டு, 2015இல் முடித்துவைக்கப்பட்டது. கதையிலேயே அந்த உலகத்தை அழித்துவிட்டு, அதே வருடம் ஜூலையில் ஏஜ் ஆஃப் சிக்மாரைக் கொண்டுவந்தார்கள். நாலே பக்க விதி, பாயிண்ட் கணக்கே கிடையாது. பாயிண்ட் இல்லாமல் போட்டி எப்படி நடத்துவது? 2016இல் ஜெனரல்ஸ் ஹேண்ட்புக் வந்து பாயிண்ட் கொடுத்த பிறகுதான் நிலைமை சீரானது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஆட்டக்காரர்கள் சிதறிப் போனார்கள். ஒரு கூட்டம் தாங்களே சேர்ந்து தி நைன்த் ஏஜ் என்று விதி எழுதி இலவசமாகக் கொடுத்தது, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இன்னொரு கூட்டம் கிங்ஸ் ஆஃப் வாருக்குப் போனது. அது 2010லிருந்தே இருக்கிறது, நாட்டிங்ஹாமில் இருக்கும் மான்டிக் கேம்ஸ் வெளியிடுவது, எழுதியவர் அலெசியோ கவடோரே. வார்ஹாமரின் ஏழாம் பதிப்பை எழுதிய அதே ஆள். அப்புறம் 2024 ஜனவரியில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பே பழைய உலகத்துக்குத் திரும்பி வந்து தி ஓல்ட் வேர்ல்டை வெளியிட்டது. ஆக, ஒரு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், மூன்று குணம்.

குணம் தெரிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இருபது ஈட்டிக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களின் பக்கவாட்டில் உங்கள் குதிரைப்படை பாய்கிறது, இப்படிப் பாய்ந்து மோதுவதுதான் சார்ஜ்.

முதலில் கிங்ஸ் ஆஃப் வார். நான் சொல்வது 2019இல் வந்த மூன்றாம் பதிப்பை வைத்து, என் ஆட்டமெல்லாம் அதில்தான். குதிரையின் வேகம் 8, சார்ஜ் தூரம் அதன் இரட்டிப்பு, 16 அங்குலம். அளந்து பார்க்கலாம், எட்டினால் எட்டியதுதான், அதற்குப் பகடை கிடையாது. முன்பக்கம் மோதியிருந்தால் 16 பகடை, பக்கவாட்டில் என்பதால் 32, முதுகில் மோதியிருந்தால் 48. பட்டதா என்று ஓர் உருட்டல், காயமானதா என்று ஓர் உருட்டல், முடிந்தது. பொம்மையை எடுப்பதே இல்லை. இருபது பேரும் ஒரே அணி, காயத்தைப் பக்கத்தில் ஒரு பகடை வைத்து எண்ணிக்கொள்வோம். பகடை சொதப்பி 8 காயம்தான் விழுந்தது என்று வையுங்கள். ஈட்டிக்காரர்களின் நெர்வ், அதாவது மனத்திடத்தின் எண், 13/15. இப்போது இரண்டு பகடையை உருட்டி 8ஐக் கூட்ட வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மொத்த அணியும் மேசையிலிருந்து போகிறது. 5, 6 விழுந்தால் தடுமாறி அடுத்த சுற்றில் கைகட்டி நிற்கும். அதற்கும் கீழே என்றால் எதுவுமே நடக்காததுபோல் நிற்பார்கள். இரட்டை ஒன்று விழுந்தால் எத்தனை காயம் இருந்தாலும் அசையமாட்டார்கள், அந்த இரண்டு பகடை உருளும்போது பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்ப்பார். இத்தனையும் நானே உருட்டுகிறேன். எதிரே இருப்பவர் என் சுற்றில் ஒரு பகடையையும் தொடுவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடிகாரம் பற்றிப் பேசும்போது வேண்டும்.

ஓல்ட் வேர்ல்டில் அதே சார்ஜ் ஒரு சிறுகதை மாதிரி நடக்கும். நான் சார்ஜ் என்று சொன்னதும் எதிராளி யோசிக்கிறார்: நிற்பதா, வில் இருந்தால் எய்வதா, இல்லை ஓடிவிடுவதா? ஓடினால் என் குதிரைப்படை நட்டநடு மைதானத்தில் அம்போ என்று நிற்கும், அதற்காகவே தூண்டில் போட்டு வைத்திருப்பார். நின்றால் இரண்டு பகடை உருட்டி, பெரியதை என் வேகத்தோடு கூட்டி, எட்டுகிறதா என்று பார்க்கிறேன். எட்டினால் இனிஷியேட்டிவ், அதாவது யார் முந்துகிறார்கள் என்ற எண், அந்த வரிசைப்படி அடி. வீரனுக்குத் தனி, குதிரைக்குத் தனி, தலைவன் கூட இருந்தால் அவனுக்கும் அவன் வைத்திருக்கும் மந்திர வாளுக்கும் தனி. கவசம் தப்பியது போக விழுந்தவர்களை எடுக்கிறோம், மிச்சம் இருப்பவர்கள் திருப்பி அடிக்கிறார்கள். பிறகு காயம், வரிசை, கொடி, பக்கவாட்டுக்கு ஒரு புள்ளி என்று கூட்டி யார் ஜெயித்தது என்று கணக்குப் போடுகிறோம். தோற்றவர் லீடர்ஷிப் என்ற மனவுறுதி எண்ணோடு ஒப்பிட இரண்டு பகடை உருட்டுகிறார்: கொஞ்சம் பின்வாங்கலாம், ஒழுங்காகப் பின்னுக்குப் போகலாம், அல்லது உடைந்து ஓடலாம். அந்த மூன்று முடிவும் மூன்று விதமான அடுத்த சுற்றைக் கொடுக்கும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒரு போர்வரிசை வளைவதையும் முறிவதையும் இத்தனை நுணுக்கமாகக் காட்டும் விளையாட்டு மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் நேரம்? இந்த ஒரு சார்ஜுக்கே சாதாரணமாகப் பத்து நிமிடம் போகும், விதிப் புத்தகத்தைத் திறந்தால் இருபது.

ஏஜ் ஆஃப் சிக்மாரில் பக்கவாட்டு என்ற விஷயமே இல்லை. பொம்மை நிற்கும் அடித்தட்டான பேஸ் வட்டம், வரிசை கிடையாது, எந்தப் பக்கமிருந்து மோதினாலும் அதே அடி. 12 அங்குலத்துக்குள் இருந்து இரண்டு பகடை உருட்டி எட்டினால் சரி. சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. சண்டைக் கட்டத்தில் நான் ஓர் அணியை அடிக்க விடுகிறேன், நீங்கள் ஓர் அணியை, மறுபடி நான் என்று மாறி மாறிப் போகும். எதை முதலில் அடிக்க விடுவது என்பதில்தான் ஆட்டம். அதைவிட முக்கியம், மேசையில் பிடிக்க வேண்டிய குறியிடங்கள் யார் கையில் என்பது. ஐந்து ரவுண்டுதான், ரவுண்டுக்கு ஆளுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு ரவுண்டும் யார் முதலில் என்று பகடை உருட்டுவதால், போன ரவுண்டில் இரண்டாவதாக ஆடியவர் ஜெயித்து முதலில் ஆட முடிவெடுத்தால் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு சுற்று கிடைக்கும். டபுள் டர்ன். இது நல்லதா கெட்டதா என்று 2015லிருந்து சண்டை நடக்கிறது. என் கருத்து: நன்றாக ஆடுகிறவர்கள் அது வரும் என்று எதிர்பார்த்தே படையை நிறுத்துகிறார்கள், அதனால் அது திறமையைச் சோதிக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல்முறை வருகிறவருக்கு, இரண்டாம் ரவுண்டிலேயே பாதிப் படையை இழந்துவிட்டு இரண்டு மணி நேரம் நிற்பது கொடுமை.

இனி கடிகாரம். கிங்ஸ் ஆஃப் வார் போட்டிகளில் சதுரங்கக் கடிகாரம் வைத்து ஆடுவது சர்வசாதாரணம். என் சுற்றில் எல்லாவற்றையும் நானே செய்வதால் சுற்று முடிந்ததும் ஒரு தட்டு, அவ்வளவுதான். நேரம் தீர்ந்தால், நான் ஆடிய இடங்களில், அதற்கு மேல் எதையும் நகர்த்த முடியாது. எதிராளி தன் மிச்ச நேரத்தில் தன் சுற்றுகளை ஆடி முடிப்பார். கடுமைதான், ஆனால் ஆளுக்குச் சமமான நேரம் என்பது இதில் மட்டும்தான் முழு உண்மை. ஏஜ் ஆஃப் சிக்மாரின் பெரிய போட்டிகளிலும் கடிகாரம் உண்டு. ஆனால் நான் அடிக்கும்போது நீங்கள் கவச உருட்டல் உருட்ட வேண்டும், என் சுற்றின் நடுவில் நீங்கள் கமாண்ட் என்ற சிறப்பு உத்தரவைப் பயன்படுத்தலாம், அதனால் கடிகாரத்தை ஆளாளுக்குத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பாதி நேரம் மறந்துபோகும். ஓல்ட் வேர்ல்டிலும் இதே சிக்கல், இன்னும் அதிகமாக.

ஓர் ஓல்ட் வேர்ல்ட் போட்டியில் கடைசி ஆட்டம். கடிகாரம் இல்லை. நான் குதிரைவீரர் நாடான பிரெட்டோனியா, எதிரே எலும்புக்கூட்டுப் படையான டூம் கிங்ஸ். இரண்டாம் சுற்றில் என் வீரர்களின் வலது ஓரத்தைச் சுழற்றும்போது அரை அங்குலம் கூடுதலா இல்லையா என்று பேச்சு வந்தது. எதிரே இருந்தவர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. இரண்டு பேரும் டேப்பை வைத்துத் திரும்பத் திரும்ப அளந்தோம், நடுவரைக் கூப்பிட்டோம், அவர் வேறு மேசையிலிருந்து வர நேரமானது. மூன்றாம் சுற்று முடிவில் என் பெரிய குதிரையணி அவருடைய வரிசைக்குப் பின்னால் போய் நின்றது, அதற்காகத்தான் காலையிலிருந்து திட்டம் போட்டிருந்தேன். அப்போது நேரம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அதுவரை விழுந்தவர்களை எண்ணி முடிவு எழுதினோம். தோற்றது வலிக்கவில்லை. ஆட்டமே நடக்கவில்லை என்பதுதான் வீடு திரும்பும் வழியெல்லாம் உறுத்தியது. ஆறு வாரம் பெயிண்ட் அடித்த படை, மூன்று சுற்று ஆட்டம்.

படையின் ஆயுளையும் பாருங்கள், இதைப் பலரும் யோசிப்பதில்லை. 2024இல் ஏஜ் ஆஃப் சிக்மாரின் நான்காம் பதிப்பு வந்தபோது பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ் படையையே அதிலிருந்து விலக்குவதாக அறிவித்தார்கள். அந்த ஆட்டுத்தலை மிருகங்களுக்கு ஓல்ட் வேர்ல்டில் முழு இடம் உண்டு. எலிப்படையான ஸ்கேவன் கதை தலைகீழ். நான்காம் பதிப்பின் தொடக்கப் பெட்டியிலேயே அவர்கள்தான் ஒரு தரப்பு, ஆனால் ஓல்ட் வேர்ல்டில் டார்க் எல்ஃப், லிசார்ட்மென், வேம்பயர் கவுன்ட்ஸ் படைகளைப் போலவே அவர்களுக்கும் ஒரு இலவச விதி பிடிஎஃப் மட்டும் கொடுத்து, அதிகாரபூர்வப் போட்டிகளுக்கு ஆதரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருடம் அந்த எலிகளைச் சேர்த்து வைத்திருப்பவரின் முகத்தைப் பார்த்தால் வயிறெரியும். தனியார் அமைப்பாளர்கள் பலர் அவற்றையும் அனுமதிக்கிறார்கள், கேட்டுப் பார்க்க வேண்டும். கிங்ஸ் ஆஃப் வாரில் எலிப்படை ராட்கின், மிருகப்படை தி ஹெர்ட், டூம் கிங்ஸ் என்றால் எம்பயர் ஆஃப் டஸ்ட். பெயர் மாறுகிறதே தவிர, உங்கள் பொம்மை எந்தக் கம்பெனியுடையது என்று யாரும் கேட்பதில்லை. நாட்டிங்ஹாமில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் தன் வார்ஹாமர் வேர்ல்ட் மண்டபத்தில் நடத்தும் போட்டிகளுக்கோ அவர்கள் பொம்மை மட்டும்தான் வர வேண்டும்.

பேஸ் அளவும் ஒரு தொல்லை. பழைய மனிதப் படைகள் 20 மில்லிமீட்டரில் நிற்கின்றன, ஓல்ட் வேர்ல்ட் 25 கேட்கிறது. இடைவெளி விட்ட ட்ரே (அணியை மொத்தமாக வைத்து நகர்த்தும் தட்டு) வாங்கிச் சமாளிக்கலாம், இருபது பேருக்கு ஒன்று.

பெயிண்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கிங்ஸ் ஆஃப் வாரில் பொம்மையைத் தனித்தனியாக எடுக்கத் தேவையில்லாததால் மொத்த அணியையும் 100க்கு 80 மில்லிமீட்டர் பலகை ஒன்றில் ஒரு காட்சியாக ஒட்டிவிடலாம். ஒருமுறை என் எதிரே வைக்கப்பட்ட குள்ளர் அணி: நடுவில் உடைந்த கல்பாலம், கீழே பிசின் ஊற்றிச் செய்த ஓடை, பாலத்தின் மேல் மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டிக் கேடயம் பிடிக்க, பின்னால் ஒருவன் விழுந்தவனின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓல்ட் வேர்ல்டில் ஆள் விழ விழ எடுக்க வேண்டும், அதனால் அப்படி ஒட்ட முடியாது. தனிப் பொம்மையின் அழகில் ஏஜ் ஆஃப் சிக்மாரை அடிக்க ஆளில்லை. ஒரு டிராகனைப் பெயிண்ட் அடித்தே ஒரு மழைக்காலத்தை ஓட்டலாம்.

கூட்டத்தைப் பொறுத்தவரை ஏஜ் ஆஃப் சிக்மார்தான் பெரியது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 2023இல் அட்லாண்டாவில் தொடங்கிய உலகப் போட்டியிலும் அதற்கு இடம் உண்டு, எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் பயிற்சிக்கு ஆள் கிடைக்கும். கிங்ஸ் ஆஃப் வாருக்கு மான்டிக் நடத்தும் கிளாஷ் ஆஃப் கிங்ஸ் இருக்கிறது, மற்றபடி சின்ன வட்டம். இரண்டாவது போட்டிக்குப் போகும்போதே பாதிப் பேர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆனால் வாரநாளில் பயிற்சி ஆட எதிராளியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அதனால், முதல் டூர்னமென்ட் என்றால் கிங்ஸ் ஆஃப் வார். கையில் இருக்கும் எந்தப் பழைய படையும் போதும், ஐந்து ஆட்டமும் முடியும். பக்கத்தில் பயிற்சிக்கு ஆள் வேண்டும், பெரிய மண்டபத்தில் ஆட வேண்டும் என்றால் ஏஜ் ஆஃப் சிக்மார், டபுள் டர்னுக்குத் தயாராகப் போங்கள். மனசு ஓல்ட் வேர்ல்டின் பிரெட்டோனியாவிலோ எம்பயரிலோ கிடக்கிறது என்றால் நான் தடுக்கமாட்டேன், நானும் இந்த வருடம் மறுபடி ஓல்ட் வேர்ல்டுக்குப் போகிறேன். பொம்மை எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறேன், அணிகள் ஏழிலிருந்து ஐந்தாகிவிட்டன, விதிகளில் அடிக்கடி தேடும் பக்கங்களை அச்செடுத்து ட்ரேக்கு அடியில் வைத்திருக்கிறேன். நுழைவுக் கட்டணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டேன்: கடிகாரம் வைக்கிறீர்களா, 20 மில்லிமீட்டர் பேஸ் ஒத்துக்கொள்வீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தது, அன்றைக்கே கட்டிவிட்டேன்.